வெறும் இழுப்பு

வில்லியனூர்த் தேருக்குக் கவர்னர் துரை வந்து வடம் தொட்டுக் கொடுப்பது வருஷத்துக்கு ஒரு நாள். கடைசல்கார காஜா மொய்தீன் வீட்டில் கைருன்னிசா வடம் பிடிப்பது வருஷம் முழுக்க. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. அதிலும் ரொட்டி சுடும் இபுராம்சா, கூடையோடு பட்டறையைத் தாண்டும்போது இதைச் சொல்லாமல் போனால் அன்றைக்கு ரொட்டி விற்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள்கூட விட்டதில்லை. கைருன்னிசாவும் அப்போதுதான் முதல் தடவை கேட்பவள்போல முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

பட்டறை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய ஓலைச் சார்ப்பு. தரையில் நட்ட இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரெதிராக இரும்பு முனைகள், இரண்டு முனைக்கும் நடுவில் பூட்டிய மரம். மரத்தைச் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, கைருன்னிசா வலதும் இடதுமாக மாற்றி மாற்றி இழுப்பாள். வலது கை இழுத்தால் மரம் காஜா மொய்தீனைப் பார்த்துச் சுழலும். உளி கடிக்கும், சுருள் சுருளாகச் சீவல் விழும். இடது கை இழுத்தால் மரம் எதிர்ப்பக்கம் சுழலும். அப்போது உளியை ஒரு நூல் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மரம் சிலும்பிப் போகும். முதலாவதற்கு வெட்டு இழுப்பு என்று பெயர், இரண்டாவதற்கு வெறும் இழுப்பு. கட்டில் காலோ, தொட்டில் கட்டையோ, பம்பரமோ, எதைக் கடைந்தாலும் பாதி நேரம் வேலை, பாதி நேரம் சும்மா இருப்பது.

அந்தச் சும்மா இருக்கும் பாதிக்குக் காஜா மொய்தீனின் அத்தா ஒரு வழி வைத்திருந்தார். வெட்டு இழுப்பு நம் வயிற்றுக்கு, வெறும் இழுப்பு ரப்புக்கு என்பார். உளியை எடுக்கும் அந்த ஒரு மூச்சில் மனசுக்குள் அல்லாஹ் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பள்ளிவாசல் முன்வரிசையில் காஜா மொய்தீனைப் பார்ப்பது அரிது. வெள்ளிக்கிழமையும் பெருநாளும் போக மற்ற வேளைகளில் பாங்கு சத்தம் கேட்டதும் அவருக்கு எங்கிருந்தாவது ஓர் அவசர வேலை வந்துவிடும். ஆனால் பட்டறையில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெயர் தானாக வரும். வருகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது, மூச்சு விடுவது யாருக்குத் தெரிகிறது?

புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது குறைவு. பேச்செல்லாம் கயிற்றில்தான். மகள் தாஜ் நிஷா வயிற்றில் இருந்தபோது, கைருன்னிசா தன் அம்மாவிடம் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. இழுப்பில் ஒரு நிதானம் வந்திருந்தது. வீட்டில் சண்டை என்றாலும் கயிறு சொல்லிவிடும். வெட்டு இழுப்பு மட்டும் ஒழுங்காக வரும், மரம் கெட்டுப்போக அவள் விடமாட்டாள். வெறும் இழுப்பில்தான் கோபம் காட்டுவாள், வெடுக்கென்று. அன்று சாயங்காலம் அவர் பஜாருக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கி வந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தண்ணீர்ப் பானைமேல் வைத்துவிடுவார். மறுநாள் இழுப்பு சரியாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் சந்தூக்கு வேலை வந்து சேர்ந்தது.

பள்ளிவாசலில் ஒரு பழைய சந்தூக்கு இருந்தது. இறந்தவரைக் கிடத்தி மையவாடிக்குச் சுமந்து போகிற மரச் சட்டம். இரண்டு பக்கமும் நீளத் தண்டு, கீழே நான்கு கால். காஜா மொய்தீனின் அத்தா கடைந்த கால்கள்தான். அவை எத்தனையோ பேரைத் தாங்கிவிட்டுச் செல்லரித்துப் போயிருந்தன. அந்த வருஷம் நோன்புக்கு முன்னால் ஒரு மையித்தைத் தூக்கிப் போகையில், வாய்க்கால் மதகின் மேல் இறக்கித் தோள் மாற்றும்போது முன்னங்கால் ஒன்று மளுக்கென்று உடைந்தது. நல்லவேளையாக இபுராம்சா குறுக்கே விழுந்து தோள் கொடுத்தார். இல்லாவிட்டால் மையித்து வாய்க்காலில் போயிருக்கும். ஊருக்கே தலை குனிவாகப் போயிற்று.

பெருநாள் முடிந்ததும், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி ஜாபர் அலி பட்டறைக்கு வந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எதையும் முழம் போட்டே பேசுகிற மனிதர். புதுச் சந்தூக்கு வேண்டும், சட்டத்துக்கு ஆள் பார்த்தாயிற்று, கால் நான்கும் நீதான் கடைய வேண்டும், உன் அத்தா கைவேலையைப்போல இருக்க வேண்டும் என்றார். மரத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அபிஷேகப்பாக்கத்து மணவாளன், தன் மகள் கல்யாணத்துக்குக் காஜா மொய்தீனிடம் கட்டில் கடைந்து வாங்கியவர்; புயலில் சாய்ந்த பூவரசு ஒன்று களத்துமேட்டில் கிடக்கிறது, எங்கள் ஐயா நட்டது, அடுப்பில் வைக்க மனசு வரவில்லை, பள்ளிவாசலுக்கென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்.

காஜா மொய்தீன் இன்ஷா அல்லாஹ் என்றார். சொல்லும்போதே தட்டிக்கழிக்க ஒரு வழி தேடினார்.

காரணம் இருந்தது. பழைய சந்தூக்கை அத்தா கடைந்தபோது இவர் சின்னப் பையன். எதிரே உட்கார்ந்து கயிறு இழுத்தது அம்மா. நான்காவது கால் முடிந்து, சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் போன மாசமே ஊரில் வாந்திபேதி வந்தது. அந்தப் புதுச் சந்தூக்கில் முதன்முதலாக ஏறிப்போன மையித்து அம்மாதான். செய்தவன் வீட்டில்தான் முதல் மையித்து விழும் என்று அப்போது யாரோ சொன்னார்கள். அத்தா அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் எந்த ஜனாஸாவிலும் அந்தச் சந்தூக்குக்குத் தோள் கொடுத்ததில்லை. பின்னாலேயே நடந்து போவார். பையன் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

ஜாபர் அலியிடம் இதைச் சொன்னால், ஈமான் உள்ளவன் பேசுகிற பேச்சா இது என்று திட்டுவார். திட்டுவது நியாயம்தான் என்றும் காஜா மொய்தீனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் புத்தியைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

முதல் மூன்று கால்களும் நன்றாகவே வந்தன. பூவரசு உளிக்கு இணங்குகிற மரம். மேலே குடம், நடுவில் வளையங்கள், கீழே குறுகும் கழுத்து. அரக்கு ஏற்றித் தாழை மடலால் தேய்த்ததும் முகம் தெரிந்தது. மூன்றாவது காலில் அரக்கு ஏற்றும் அன்றைக்குத்தான் அவர் கையில் அது தட்டுப்பட்டது. வெட்டு இழுப்பு முடிந்து வெறும் இழுப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு தாமதம். கயிறு ஒரு கணம் தொய்ந்து, பிறகு வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கைருன்னிசா முக்காட்டில் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். சீவல் தூசி என்றாள்.

தூசி இல்லை. அடுத்த மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. மணவாளன் தன் மாட்டு வண்டியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். பக்கத்திலிருந்த தமிழ் ஆள் அதில் பாதியைச் சொன்னான், பாதியை முழுங்கினான். முழுங்கியது என்னவென்று அவன் முகத்திலேயே இருந்தது. நல்ல சாப்பாடு, நல்ல காற்று, அலுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

வண்டியில் திரும்பி வரும்போதே காஜா மொய்தீன் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நான்கு காலும் முடிந்து சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் போனால் கைருன்னிசா போய்விடுவாள். முடியாதவரைக்கும் போகமாட்டாள். ஏறிப்போகச் சந்தூக்கு இல்லாதபோது எப்படிப் போவாள்? இவ்வளவு எளிதான வழி அத்தாவுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்றுகூட நினைத்தார். நான்காவது காலுக்கு வைத்திருந்த கட்டையை எடுத்துப்போய் விறகு அடுக்குக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்தார்.

அன்றையிலிருந்து கைருன்னிசா கையிலிருந்து கயிற்றையும் வாங்கிவிட்டார். பிழைப்புக்கு வரும் கட்டில் கால் வேலைக்குப் பக்கிரியைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். பக்கிரி கிணற்றில் ஏற்றம் இறைத்துப் பழகிய ஆள்; இரண்டு கையாலும் ஒரே மாதிரி இழுப்பான், மரம் பறக்கும். நல்ல மனுஷன். ஆனால் அந்தக் கயிற்றில் ஒன்றும் கேட்காது. கைருன்னிசா உள்ளே பாயில் படுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். காஜா மொய்தீன் கஞ்சி கொடுப்பார், மருந்து கொடுப்பார், கால் பிடித்துவிடுவார், என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுவார். அவளுக்கும் பேசத் தெரியவில்லை. இத்தனை வருஷம் வாயால் பேசிப் பழகாத இரண்டு பேர் ஒரு சின்ன வீட்டுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திண்டாடினார்கள்.

முத்தவல்லிக்குச் சாக்குச் சொல்லிச் சொல்லியே மாதங்கள் போயின. மரம் ஈரம் என்றார். பிறகு கணு விழுந்துவிட்டது என்றார். பிறகு உளி முனை மழுங்கிவிட்டது, கொல்லன் ஊரில் இல்லை என்றார். கொல்லன் அப்போது ஜாபர் அலி கடையில் வேட்டி வாங்கிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரியவந்தது. ஜாபர் அலி பொறுமையான மனிதர்தான். ஆனால் அவரும் ஒரு நாள், மவுத்து உன் தவணைக்கெல்லாம் காத்திருக்காது காஜா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் பாத்துமுத்து இறந்துபோனாள். ஊரில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டிக் கபன் உடுத்தி அனுப்புகிறவள் அவள்தான். காஜா மொய்தீனின் அம்மாவைக் குளிப்பாட்டிய கைகளும் அவளுடையவை. அவளுக்கு ஏறிப்போகச் சந்தூக்கு இல்லை. பழையது உதவாது, புதியதற்கு ஒரு கால் இல்லை. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மேலே பாயைப் போட்டு, கொட்டுகிற மழையில் எடுத்துப் போனார்கள். கட்டில் நடுவில் தொய்ந்து ஆடியது. கபன் துணி கால்மாட்டில் நனைந்து சேறு தெறித்தது. காஜா மொய்தீனும் கட்டிலுக்குத் தோள் கொடுத்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பக்கிரி போனதும், பட்டறைக்குள் யாரோ வரும் சத்தம் கேட்டது. கைருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் அந்தப் பூவரசுக் கட்டை. விறகு அடுக்கு அவள் புழங்குகிற இடம், அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தவரை என்ன சொல்வது.

"இத முனையில பூட்டுங்க," என்றாள்.

அது இன்னும் காயவில்லை என்றார் அவர்.

"யாருகிட்ட சொல்றீங்க? தட்டிப் பாத்துட்டுதான் எடுத்தாரேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாத்துமுத்து எத்தினி பொம்பளைங்கள அழகா அனுப்பி வெச்சா. அவளுக்குக் கயித்துக் கட்டிலு. நீங்க இத ஒளிச்சி வெச்சதாலதானே?"

அவர் தலை குனிந்துகொண்டார். இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாததை அப்போது சொல்லிவிட்டார்.

"இத முடிச்சா நீ பூடுவே, புள்ள."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார், சிரிக்கவில்லை.

"முடிக்காட்டி இருந்துடுவேனா?"

அவர் கீழே கிடந்த சீவலை விரலால் அளைந்தார்.

"நானும் ஒரு நாளு போவணும். எங்கையால இழுத்து, உங்க கையால கடஞ்ச காலு இருக்கறப்போ நான் ஏன் கயித்துக் கட்டில்ல போவணும்?" இருமல் வந்தது, அடங்கும்வரை காத்திருந்தாள். "நீங்க கயித்த வாங்கி அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டீங்க. நான் உள்ள படுத்துகினு சொவத்தயே பாத்துகினு இருந்தேன். சீக்குல இல்லீங்க, அதுலதான் நான் ஓஞ்சி பூட்டேன்."

அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, அவளிடம் பேசிக்கொண்டிருந்த ஒரே வாயை அடைத்துவிட்டதைக் காஜா மொய்தீன் அன்றைக்குத்தான் உணர்ந்தார். இருந்ததே கொஞ்ச நாள். அதில் பாதியை அவரே தின்றுவிட்டார். கட்டையை வாங்கி முனையில் பூட்டிக் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் அவள் கையில் கொடுத்தார். அவள் விரல்கள் சூடாக இருந்தன.

அந்தக் கால் கடைந்ததுபோல அவர் வாழ்நாளில் எதையும் கடைந்ததில்லை. தினமும் அஸருக்குப் பிறகு கொஞ்ச நேரம். கொஞ்சம் இழுப்பாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், தலையசைப்பாள், மறுபடி இழுப்பாள். மரம் தூங்கி வழிவதுபோலச் சுற்றியது. உளியை அழுத்தினால் மரம் நின்றுவிடும். அதனால் தொட்டும் தொடாமலும் வைத்தார். சீவல் வெங்காயத் தோல்போல வந்தது. வெறும் இழுப்பு எவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு பெயர் சொல்ல மட்டும் இடம் இருக்கும். இப்போது உளியை எடுத்துக்கொண்டு, மரம் மெல்ல எதிர்ப்பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, எதிரே அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தது. மரம் சுற்றுகிறது, கயிறு ஓடுகிறது, உள்ளே முனை தொடும் அந்த நடுப்புள்ளி மட்டும் அசையாமல் இருக்கிறது. அத்தா வெறும் இழுப்பை ஏன் ரப்புக்குக் கொடுத்தார் என்று அவருக்குப் புரிந்தது. நாம் ஒன்றும் செய்ய முடியாத பாதி அது. கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அங்கே நமக்கு வேலை இல்லை.

அவள் மூச்சு தடுமாறிய இடங்களில் உளி மரத்தில் ஓர் அலை விட்டுப் போனது. கண்ணுக்குத் தெரியாது, விரல் வைத்தால் தெரியும். வேறு மரமாக இருந்தால் வழித்து நேராக்கியிருப்பார். இதை அப்படியே விட்டார்.

கால் முடிந்தது. அரக்குதான் பாக்கி. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்த வேண்டும், உராயும் சூட்டில் அது இளகி மரத்தில் ஏறும். அதற்கு மரம் வேகமாகச் சுழல வேண்டும். கைருன்னிசா முயன்று பார்த்தாள். குச்சி மரத்தில் கோடு போட்டதே தவிர இளகவில்லை. பக்கிரி அண்ணனை இழுக்கச் சொல்லுங்கள் என்றாள். காஜா மொய்தீன் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒனக்குத் தெம்பு வரட்டும். நீயே இழு. அப்போ ஏத்திக்கலாம்."

அவள் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். அந்தப் பேச்சுக்குள் அவர் இன்னும் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அரக்கு ஏறாத கால் முடியாத கால்தானே!

சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் போயிற்று. மூன்று கால் பளபளக்க, ஒன்று மட்டும் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காத பிள்ளைபோல வெளிறி நின்றது. இதென்ன அழகு என்று ஜாபர் அலி கேட்டார். பிறகு ஏற்றித் தருகிறேன் அண்ணே என்றார் காஜா மொய்தீன். முத்தவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

அதில் முதலில் ஏறியது இபுராம்சா. யார் எதிர்பார்த்தார்கள்? காலையில் ரொட்டி விற்றுவிட்டு வந்தவர், மத்தியானம் அடுப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஊரே அழுதது. சந்தூக்குக்குத் தோள் கொடுத்து நடந்த காஜா மொய்தீனும் அழுதார். ஆனால் பாதி வழியில், வாய்க்கால் மதகு தாண்டும்போது, அவருக்குள் ஒன்று எழுந்தது. முதல் மையித்து இபுராம்சா. கைருன்னிசா இல்லை. அது மகிழ்ச்சிதான், வேறு பெயர் சொல்லி மறைக்க முடியாது. பிள்ளை பிறந்த செய்தி கேட்டவனுக்கு வருவதுபோல நெஞ்சு முட்ட வந்தது. தோளில் சிநேகிதனின் மையித்து, கண்ணில் தண்ணீர், உள்ளுக்குள் இப்படி. அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு விரைந்தார்.

அவர் சொன்னதைக் கைருன்னிசா முழுக்கக் கேட்டாள்.

"அத இபுராம்சா பொண்டாட்டிகிட்ட போயிச் சொல்லுங்க. சந்தோஷப்படுவா," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனிமே யாரு என்னைக் கவர்னர் துரைன்னு சொல்லுவா," என்று அழுதாள்.

வெட்கத்தில் அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அந்த மகிழ்ச்சி போகவில்லை, அதுதான் கொடுமை. பாகூரில் வாழ்க்கைப்பட்ட தாஜ் நிஷா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளிடம், அம்மாவுக்கு இனி ஒன்றும் ஆகாது, தை பிறந்தால் எழுந்துவிடுவாள் என்றார். ஆட்டுக்கால் வாங்கி வந்து சூப்பு வைக்கச் சொன்னார். அரக்கில் நல்ல சிவப்பாகப் பார்த்து ஒரு குச்சி வாங்கி, ஓலையில் சுற்றிச் சார்ப்பில் செருகி வைத்தார். அஸருக்குப் பிறகு அவளைப் பட்டறையில் உட்கார வைத்து, பேத்திக்கு ஒரு கிலுகிலுப்பை கடைவோம் என்று சின்னக் கட்டையைப் பூட்டினார். அவளும் இழுத்தாள். இழுப்பு நூல்போல இருந்தது. எதிரே அவர் சிரித்துக்கொண்டே உளி பிடித்தார். கயிறு சொன்னது செவிடனுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவருக்குக் கேட்கவில்லை, கேட்க அவர் தயாராக இல்லை.

அவர் பஜாருக்குப் போயிருந்தபோது அவள் போய்விட்டாள். தாஜ் நிஷா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாளாம், பின்னல் முடிவதற்குள் அம்மாவின் தலை சாய்ந்துவிட்டதாம். காஜா மொய்தீன் கையில் ஆட்டுக்கால் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். உள்ளே பெண்கள் திரை கட்டிவிட்டிருந்தார்கள்.

மவுத்தான நிமிஷத்திலிருந்து புருஷன் பெண்டாட்டியைத் தொடக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். நிக்காஹ் அத்தோடு அறுந்துவிடுகிறது என்பார்கள். முகத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் பார்த்தார். முக்காட்டை இழுத்து வாயை மூடிச் சிரிக்கும் முகம் வெள்ளைத் துணிக்குள் சிறுத்துக் கிடந்தது. கை தானாக நீண்டது. பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, வேணாம் அண்ணே என்று மெதுவாகச் சொன்னாள். கையை எடுத்துக்கொண்டார்.

சந்தூக்கு வந்தது. அவளைத் தாஜ் நிஷாவின் மாப்பிள்ளையும் கைருன்னிசாவின் தம்பியும் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். தூக்குகிறவர்கள் கூடியபோது காஜா மொய்தீன் பின்னால் நடக்கவில்லை. அத்தாவைப்போல அவரால் முடியாது. முன்பக்கம் இடது மூலைக்குப் போய்த் தண்டைத் தோளில் வாங்கினார். மார்புக்கு நேரே அந்த மூலைக் கால் தொங்கியது. வெளிறிய கால். ஜாபர் அலி அடுத்த மூலையில் இருந்தார். அவரும் அதைப் பார்த்தார்.

நடை பிடிக்க வசதியாகக் கையை அந்தக் காலில் வைத்தார். விரலுக்கு அடியில் அலை ஓடியது. அரக்கு ஏறியிருந்தால் எல்லாம் மூடி வழுவழுப்பாகப் போயிருக்கும், ஒன்றும் மிஞ்சியிருக்காது. இங்கே, குடத்துக்குக் கீழே, அவள் முதல் நாள் நிறுத்தி மூச்சு வாங்கிய இடம். கொஞ்சம் இறங்கி, இருமல் வந்து கயிறு நழுவிய இடம். வளையத்துக்குப் பக்கத்தில், போதும் என்று அவர் சொல்லியும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த இடம், அங்கே மட்டும் மரம் நேராக இருந்தது. ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் நடந்தது. ஒரு அடி வைத்தால் விரல் அலையின் மேட்டில், அடுத்த அடியில் பள்ளத்தில். மையவாடி வரைக்கும் அவர் தோள் மாற்றவில்லை. இரண்டு பேர் வந்து கேட்டும் கொடுக்கவில்லை.

அங்கே மற்றவர்கள் அவளைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினார்கள். அவர் வெறும் சந்தூக்குப் பக்கத்தில் குந்தி, அந்த வெளிறிய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மண் தள்ள வரச் சொல்லி ஜாபர் அலி கூப்பிட்டார். அவருக்குக் கேட்டது. ஆனால் கையை அதிலிருந்து எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.